நாற்பத்தேழாம் எண்

சங்கத்து வில்லையைக் குத்திக்கொண்டுதான்
அடைக்கலம் கல் ஊற்ற உட்காருவார்.
பித்தளை. எட்டணா அகலம்.
நடுவில் கரணை, கரணைமேல் எட்டிதழ்ப் பூ,
கீழே எண் நாற்பத்தேழு.
ஆத்தங்குடி வெற்றிலைக் கடையில்
அந்த எண்ணுக்கே தனிக் கடன் உண்டு.
குன்றக்குடி பஸ்ஸில் ஒருமுறை
கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தாராம்.
அவர் சொன்னதுதான்.

எனக்கு எண் இல்லை.
வருகைப் பதிவேட்டில் நான் ‘மணல் ஆள்’.
ஒன்பது வருஷமாகச் சலிக்கிறேன்,
கண்ணாடி துடைக்கிறேன், சாயம் கரைக்கிறேன்.
அவர் கை நீட்டுமுன் சாந்துச் சட்டி அங்கே இருக்கும்.
“பூ ஊத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் வில்லை”
என்றார் செயலாளர்.
தெரிஞ்சவன்.
சொல்லே ‘ன்’ போட்டு முடிகிறது.

அன்றைக்கு ஆடிக் காற்று.
சிவப்பும் பச்சையும் ஊற்றி, அச்சைத் தூக்கி,
உலர்ந்த கலவையைத் தூவிய நேரம்
அவருக்கு போன் அடித்தது.
குனிந்தார். சட்டையிலிருந்து வில்லை விட்டது.
சத்தமே இல்லை.
பொடிக்குள் பாதி புதைந்து
பூ மட்டும் வெளியே தெரிந்தது.
அவர் பூவரச மரத்தடியில் நின்று
மருமகனை வைதுகொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம்.
ரொம்ப யோசித்தேன் என்றால் பொய்.
கை தானாகச் சாந்தை அள்ளியது.
நாலு மூலைக்கும் தள்ளி
அவர் கரணையாலேயே மட்டம் இழுத்தேன்.
நான் முடித்த முதல் கல் அது.

தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்து
தட்டிப் பார்த்த நாளில்
மற்றதெல்லாம் ‘டங்’ என்றது,
அது மட்டும் ‘டொக்’.
எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ,
வைக்கோலுக்கு நடுவே லாரியேறிப் போய்விட்டது.
எந்த ஊர்க் கூடமோ.
ஈரக் காலோடு யார் நடக்கிறார்களோ.

பட்டறை முழுக்க மூன்று நாள் தேடினார்.
நானும் கூடவே தேடினேன்,
மணலைக்கூட மறுபடி சலித்தேன்.

இருநூற்றைம்பது ரூபாய் அபராதத்துக்குப் பின்
புதுசு வந்தது.
நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு ‘ந’:
நகல்.
பின்னால் ஊசி நிற்கவில்லை.

“ஏ வீராயி, ஊக்கு வச்சிருக்கியா?”

வளையலில் தொங்கிய மூன்றில்
பெரியதைக் கழற்றினேன்.
அவர் கையெல்லாம் சிமெண்ட்,
நீயே குத்திவிடு என்றார்.

குத்திவிட்டேன்.
கொஞ்சம் சாய்வாக.