மெரூன் தோள்

பன்னிரண்டு வருஷமாக எனக்கு வயது முப்பத்தொன்று.
மின்னஞ்சல் முகவரியோடு ஒரு படத்தை ஒட்டிவிட்டால் போதும்,
எங்கே பெயரைப் பதிந்தாலும்
அது ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள்.
உட்கார்ந்துகொண்டது.
கரண்ட் இல்லை என்ற புகாரில் சிரிக்கிறேன்.
மாமனார் காரியத்துக்கு லீவு கேட்ட கடிதத்தில்
பல் தெரியச் சிரிக்கிறேன்.

சில்வர் பீச்சில் எடுத்தது.
எடுத்தவன் பலூன் சுடுகிற கடைக்காரன்.
ஐந்து குண்டில் ஒன்றும் படவில்லையே என்று
பாவப்பட்டு எடுத்துக்கொடுத்தான்.
அன்றைக்குக் காற்று அதிகம்.
தேவனாம்பட்டினத்துப் படகெல்லாம் கரையில் கிடந்தன.
வட்டமாக வெட்டச் சொன்னது, வெட்டினேன்.
கடல் போனது. பலூன் போனது.
அஞ்சலாட்சி போனாள்.
அவள் தோள் மட்டும் போகவில்லை.
இந்தப் பக்கம் நகர்த்தினால் என் காது போகிறது,
அந்தப் பக்கம் நகர்த்தினால் தோள் வருகிறது.
காது வேண்டியிருந்தது.
மெரூன் ரவிக்கை, சேலைக்குக் குத்திய ஊசியோடு,
ஒரு பிறை அளவு.

அப்போது அது தொல்லையாக இல்லை.
ஏலச்சீட்டு பிறகுதான் வந்தது.
பதினெட்டாயிரம்.
அவள் தந்தேன் என்கிறாள், நான் வரவில்லை என்கிறேன்.
நோட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது,
வேறு வேறு பக்கத்தில்.
அவள் கம்மியம்பேட்டை, நான் செம்மண்டலம்.
உழவர் சந்தையில் எதிரே வந்துவிட்டால்
ஆளுக்கொரு கூடையில் வெண்டைக்காய் நுனியை
ஒடித்துக்கொண்டே நிற்போம்.

இந்தக் கார்த்திகையில் கெடிலம் ஏறியபோது
தெருவாரியாகத் தண்ணீர் அளவைப் பதிய
யாரோ ஒரு பட்டியல் திறந்தார்கள்.
பெயர், தெரு, முழங்காலா இடுப்பா.
பெயருக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் முகம் வந்தது.
முகம் ஒட்டாதவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தலை,
சிலருக்கு இயந்திரமே போட்ட கட்டங்கள்.
கலிவரதன் என்பவர் பச்சையும் ஊதாவுமான ஒரு கட்டம்.
மோட்டாரை மேலே தூக்கி வையுங்கள் என்று
மூன்று நாளாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது அது.
ஆளை நேரில் பார்த்தால் எனக்குத் தெரியாது.
கட்டத்தைத் தெரியும். நல்ல கட்டம்.

இரவு ஒன்றரைக்குப் பதிந்தேன்: செம்மண்டலம், கணுக்கால்.
அடுத்த வரி வந்தது: கம்மியம்பேட்டை, இடுப்பு.
பக்கத்தில் ஒரு வட்டம்.
அதே காற்று, அதே மெரூன்.
அவளும் அந்தப் படத்தைத்தான்
மறுபக்கத்திலிருந்து வெட்டியிருக்கிறாள்.
ஓரத்தில் மஞ்சளாக என் துப்பட்டா,
ஒரு பிறை அளவு.
பக்கம் பக்கமாக நின்றவர்கள்
மேலும் கீழுமாக இருந்தோம். நடுவில் ஒரு கோடு.

இடுப்பு என்றால் எவ்வளவு?
அவள் குள்ளம். அவள் இடுப்பு எனக்குத் தொடைதான்.
அவள் வீட்டு வாசல் மூன்று படி.
மூன்று படியும் சேர்த்தா, படிக்கு மேலேயா?
விடியும்வரை இதையே கணக்குப் போட்டேன்.
நடுவில் கலிவரதன் வந்து
மோட்டாரை மேலே தூக்கி வையுங்கள் என்றார்.

காலையில் படத்தை மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன்.
கடவுச்சொல் மறந்திருந்தது.
உங்கள் நெருங்கிய தோழியின் பெயர் என்ன என்று கேட்டது.
ஆங்கில எழுத்தில் அஞ்சலாட்சி என்று அடித்தேன். தவறு.
ஒரு ஏ கூட்டினேன். தவறு.
டிக்கு அப்புறம் சி எச்சா, எஸ் எச்சா?
இன்னும் ஒரே ஒரு தடவை என்றது.
அவள் எப்படி எழுதுவாளோ
அப்படித்தான் எழுதியிருப்பேன் அன்றைக்கு.
சீட்டு நோட்டைத் தேடி எடுத்தேன்.
கையெழுத்தைத் தமிழில் போட்டிருக்கிறாள்.

எழுத்துக் கேட்கத்தான் போன் அடித்தேன்.
எடுத்தாள்.
"இடுப்புன்னு போட்டியே,
யார் இடுப்பு?" என்று வந்தது வாயில்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும்
கேட்டுக்கொண்டிருந்தது.