இருபத்து மூன்றாம் பெயர்

டோங்காட்டில் அன்று எட்டு மணிக்குத்தான் மின்வெட்டு.
ஏழே முக்காலுக்கே போய்விட்டது.
டயர்க் கடை மாடியில் ஐந்து பேர்,
ஒரு கைபேசி வெளிச்சம், ஆறிப்போன சமோசா,
இருபத்திரண்டு பெயர் எழுதிய தாள்.
கடைசி வரி மட்டும்
பல் விழுந்த ஈறுபோல.

"லுவாசி" என்றார் கோகிலன் செட்டி.
மூட்லி சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும்.
வந்தது.

ஏழு ஆட்டம், பதினான்கு தப்பாட்டம்.
கணக்கு என் கையெழுத்து, மறுக்க வழியில்லை.
பந்து வெளியே வருமுன் கோட்டைத் தாண்டுகிறான்.
ஸ்க்ரம்மில் தலையை எந்தப் பக்கம் நுழைப்பதென்று
இன்னும் யாராவது தோளைத் தொட்டுக் காட்டவேண்டும்.

ஆனால் அந்த முதல் மூன்று அடி.

வெருலத்துக்காரன் உதைக்கக் கால் தூக்கினான்.
தூக்கிய கால் தரைக்கு வருமுன்
பந்து இவன் நெஞ்சில் பட்டுப் பின்னால் பறந்தது.
அதன்பிறகு அன்று முழுக்க
அந்த உதைப்பவன் பந்தைப் பார்க்கவில்லை,
இவன் எங்கே என்றுதான் பார்த்தான்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
என் ஏட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

"தேவராஜ் படையாச்சி இருக்கிறான்" என்றார் மூட்லி.
"ஒன்பது வருஷம். ஒரு பிடி நழுவவிட்டதில்லை."
"ஒரு தடவை முந்திப் போனதுமில்லை" என்றார் கோகிலன்.
"இவன் காய். கனியட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்."
"கனிந்த மாங்காயில் யாரய்யா ஊறுகாய் போடுவார்?"

காயக்கட்டுப் போடும் பிரேமிளா
அதுவரை தன் பெட்டியில் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தாள்.
"ஊறுகாய்க்கு உப்பு வேண்டும், வெயில் வேண்டும்.
சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கிறது.
செவ்வாய்ப் பயிற்சிக்கு அவன் வருவதே இல்லை,
கீழே கார் கழுவுகிறான். டாக்சிக் காசை
உங்களில் யார் கொடுக்கப் போகிறீர்கள்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
சமோசா ஒன்று குறைந்தது.

கை தூக்கினோம். இரண்டு, இரண்டு.
என் கை மேசைமேல்.

நானும் ஒரு காலத்தில் நழுவவிடாதவன்.
பன்னிரண்டு பருவம், அதே ஆறாம் எண் சட்டை.
நான் ஆடிய ஆட்டம் ஒன்றையாவது
யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.
இதை அங்கே சொல்லவில்லை.
"ஒரு நிமிஷம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நிமிஷத்தில் மூட்லி வண்டியெடுக்க இறங்கினார்,
கடை வாசலை அடைத்து நிற்கிறதாம் அவர் பக்கி.
சாவி திருகும் சத்தம். மறுபடி. மறுபடி.
பேட்டரி செத்திருந்தது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தோம்.
வாளியைப் போட்டுவிட்டு, சோப்பு நுரைக் கையோடு,
யாரும் கூப்பிடுமுன் ஓடிவருகிறான் லுவாசி.
"பொறு! பொறுடா! ஹேண்ட்பிரேக்!"
மூட்லி கத்துகிறார், இருமுகிறார்.
அவன் காதில் அது விழுந்த மாதிரி இல்லை.
தலையைத் தப்பான பக்கம் சாய்த்துத்
தோளைக் கொடுத்துவிட்டான்.

பிரேக் போட்ட சக்கரம் தார்ச்சாலையில் கிறீச்சிட்டது.
ஒரு முழம். அப்புறம் இன்னொரு முழம்.

பிரேமிளா பெருமூச்சுவிட்டாள்.
"அந்தத் தோள் பிசகினால்
கட்டுப் போடப்போவது நான்" என்றாள்.

பேனாவை வைத்துவிட்டுப்
பென்சிலைத் தேடினேன் இருட்டில்.