ஒரு புள்ளி

துர்க்கு துறைமுகம். நவம்பர்.
நாலு மணிக்கே ராத்திரி.

கப்பலின் வயிற்றுக்குள் இரண்டு வாசல் வழியாகக் கார்கள் போகும்.
இடது வாசலில் எஸ்கில். வலது வாசலில் பிர்யோ.
ஆளுக்கொரு கைக்கருவி, காருக்கொரு பீப்.
இருநூற்றுப் பதினான்கு பீப்.
என் திரையில் இருநூற்றுப் பதினொன்று.

"மூணு காரை நான் என்ன பைக்குள்ளயா போட்டுக்கிட்டேன்?"
என்றார் எஸ்கில், தொப்பியைக் கழற்றாமலே.

பதிவை எடுத்து மறுபடி ஓட்டினேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
மறுபடி.
இருநூற்று ஒன்பது.
மறுபடி.
அச்சுப் பிசகாமல் இருநூற்றுப் பதினான்கு.
எனக்கு வயிறு கலங்கியது அப்போதுதான்.
எப்போதும் பொய் சொல்கிறவனோடு குடும்பம் நடத்தலாம்.
இடையிடையே உண்மை சொல்கிறவனோடு
என்ன செய்வது?

நிரலை நடுவழியில் நிறுத்திப் பார்த்தேன்.
இரண்டு இழைகளும் கைகட்டி நின்றன.
ஒன்று கூட்டியது, ஒன்று காத்திருந்தது,
கணக்கு சரி.
ஓடவிட்டுத் திரும்பினால்
மறுபடி மூன்று கார் கடலில்.

சரி, பேசவாவது செய்யுங்கள் என்று
ஒவ்வொரு காருக்கும் ஒரு வரி அச்சிடச் சொன்னேன்:
இழை ஒன்று வந்தது. இழை இரண்டு வந்தது.
நூறு முறை ஓட்டினேன்.
நூறு முறையும் இருநூற்றுப் பதினான்கு.
வரியை எடுத்தேன். பிழை வந்தது.
வைத்தேன். போனது.
இழைக்கும் பிழைக்கும் நடுவே
ஓர் எழுத்துதான் தூரம் என்பது போல
விளையாடியது.

ஆறாவது காபியில் ஞாபகம் வந்தது.
வெள்ளிக்கிழமை நான்
வீடு பெருக்குகிற சந்தோஷத்தில்
பழைய வரி ஒன்றை அழித்தேன்.
ஒவ்வொரு காருக்கும் ஒரு புள்ளி அச்சிடும் வரி.
யாரும் படிக்காத பதிவேட்டில்
ஒன்பது வருஷமாய்ப் புள்ளி, புள்ளி, புள்ளி.
அதன் தலையில் ஒரு குறிப்பு:
"இதை எடுக்காதே. ஏன் என்று எனக்கும் தெரியாது. வெய்க்கோ."

வெய்க்கோ இப்போது ஓலுவில் டயர் விற்கிறான்.
போனுக்குப் பின்னால் ஐஸ் ஹாக்கி மைதானத்தின் இரைச்சல்.
"அந்தப் புள்ளி இன்னும் இருக்கா?" என்றான்,
பழைய நாயை விசாரிப்பது போல.

அன்றைக்கு மூன்றாவது ராத்திரியாம்.
எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு புள்ளி போட்டானாம்.
கணக்கு சரியானது.
அதே நிமிஷம் மனைவி கூப்பிட்டாள், பனிக்குடம் உடைந்துவிட்டது.
"காலையில வந்து காரணம் பார்க்கலாம்னு கிளம்பினேன்.
அப்புறம் காலைன்னு ஒண்ணு வரவே இல்ல, ஸனெல்மா.
அதோ, அவதான், ஏழாம் நம்பர் சட்டை."

சொன்னேன்:
ஒன்று கூட்டு என்பது ஒரு வேலை இல்லை, மூன்று.
எடு. கூட்டு. வை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்பதை எடுத்தால்
இரண்டு பேரும் நாற்பத்தொன்றை வைப்பார்கள்.
ஒரு கார் கேட்பாரற்றுப் போகும்.
உன் புள்ளி, அச்சு வாசலில்
ஒருவர் பின் ஒருவராய் நிற்க வைத்தது.
அந்த நெரிசலில் மோதல் தள்ளிப்போனது. அவ்வளவுதான்.

சற்று நேரம் கட்டையில் பக் மோதும் சத்தம் மட்டும்.
"அப்போ நான் சரிபண்ணவே இல்லையா?"
"இல்ல."
"ஒன்பது வருஷம்!" என்று சிரித்தான்,
பரிசு விழுந்தவன் மாதிரி.

எண்ணைப் பூட்டுக்குள் வைத்தேன். இரண்டே வரி.
ஆயிரம் முறை ஓட்டினேன், பேசவிடாமல், நிறுத்தாமல்.
இருநூற்றுப் பதினான்கு.
புள்ளியைத் திருப்பி வைக்கவில்லை.
குறிப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை;
இப்போது எந்த வரிக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது.

கப்பல் ஊதிவிட்டுப் போனது.
எஸ்கிலும் பிர்யோவும் குளிரை உதறிக்கொண்டு உள்ளே வந்து
ஒரே காபிக் கெட்டிலுக்குக் கை நீட்டினார்கள்.
"நீங்க எடுங்க."
"இல்ல, நீங்க."
இருவரும் கையை இழுத்தார்கள். இருவரும் மறுபடி நீட்டினார்கள்.
"நீங்கதான்."
"பரவால்ல, நீங்க."

அது வேறு பிழை.
நாளைக்குப் பார்க்கலாம்.