இடது சேனல்

வியாழன் இரவு இடது பக்கம் செத்துப்போனது.
பாடகி வலது மூலைக்கு ஒதுங்கி
வாடகை பாக்கி வைத்தவள்போலப் பாடினாள்.

நாடு திரும்பிய டேனிஷ்காரன் விற்றுப்போன ஆம்ப்ளிஃபயர்.
முப்பத்தெட்டு கிலோ, எட்டு வால்வு.
கோமதியிடம் விலை சொன்னபோது
ஒரு சைபரை விழுங்கிவிட்டேன்.
இன்னும் செரிக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். மிக மரியாதையான பதில்:
துபாய் மையத்தை அணுகவும்.
துபாய்க்காரர் காகிதம் கேட்டார்,
இது விற்பனைக்கல்ல, எல்லை தாண்டித் திரும்பி வரும் என்று
முத்திரை குத்திய காகிதம்.
அங்கிருந்து ஐரோப்பா போகுமாம்.
குறைந்தது ஏழு மாதம்.

என் ரெசிடென்ட் கார்டில் மிச்சம் ஐந்து.
பெட்டி திரும்பி வரும்,
வாங்கிக்கொள்பவர் இருப்பாரா
என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

ரூவியில் கடை கடையாக ஏறினேன்.
ஒருவன் மூடியைத் திறந்து பார்த்து
‘பல்பு எரியுதே அண்ணா, அப்புறம் என்ன?’ என்றான்.
இன்னொருவன் இருபது ரியாலுக்கு
புளூடூத் பெட்டியைத் தள்ளினான்,
பாட்டுக்கேற்ப கலர் மாறும்.

கடைசியில் ரோவெல்.
ஆஸ்பத்திரியில் ஈசிஜி மெஷின்களுக்கு வைத்தியன்.
வாதி கபீரில் டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி,
லிஃப்ட் இல்லை.
நானும் ரூம்மேட் சதக்கும்
படிக்கொரு தரம் இறக்கி வைத்து
படிக்கொரு தரம் ஒருவரையொருவர் திட்டி
சனிக்கிழமை காலை கொண்டுசேர்த்தோம்.

கழற்றிய திருகாணிகளை அதே வரிசையில்
முட்டை அட்டையில் வைத்தான்.
மரக்குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தட்டினான்.
மேசையோரம் வீடியோ காலில் அவன் மகள்
குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.
இருவரும் பேசவில்லை, பார்க்கவுமில்லை.
கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மிளகளவு ஒரு ரெசிஸ்டர், கருகியது.
புதியது நூறு பைசா.
கூலி ஐந்து ரியால்.
பத்து நீட்டினேன், பாதியைத் திருப்பினான்.

வீட்டில் மாட்டி, நன்றாகக் கேட்க
ஏசியை அணைத்தேன்.
இரண்டு பக்கமும் வந்தது.
இரண்டுக்கும் அடியில் ஒரு ம்ம்ம்ம்.
இத்தனை நாளும் இருந்திருக்கும்,
ஏசி இரைச்சலுக்குள் படுத்துக்கொண்டு.

ரோவெல் மீட்டரோடு வந்து சாக்கெட்டைப் பிரித்தான்.
சுவருக்குள் பச்சை வயர்
நான்கு விரல் தூரம் போய்
எதையும் தொடாமல் நின்றிருந்தது.
‘உன் வீட்டில் எர்த் இல்லை’ என்றான்.
சதக் சிரித்தான்.
எதற்கென்று எனக்குத் தெரியும்,
ஆனால் பதினொரு வருடமாக
ஈரக் கையோடு அதில்தான்
அயர்ன் பாக்ஸ் மாட்டுகிறேன்.

வாட்ச்மேன் ஓனரைக் கேட்கச் சொன்னான்.
ஓனர் மழை பார்க்க சலாலா போயிருக்கிறார்.

மீட்டர் தலையாட்டிய ஒரே இடம்
சமையலறையில், வாஷிங் மெஷின் சாக்கெட்.
இப்போது ஆம்ப்ளிஃபயர் மெஷின் தலைமேல்.
ஒரு ஸ்பீக்கர் அரிசி மூட்டையில்,
மற்றது சதக்கின் ஸ்டூலில்.
அவன் நின்றுகொண்டு கேட்கிறான்.
ஏசிக் குளிர் அதுவரை வராது.
ஜூலை மாதம், பனியனோடு இரண்டு பேர்,
துவைக்காத துணி ஒரு கூடை.
எட்டு வால்வும் தம் பங்குக்குச் சூடேற்றுகின்றன.

அந்த வெள்ளிக்கிழமை கோமதி கூப்பிட்டாள்.
‘யாரு, பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்கு?’
போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன்.
ஒரு பல்லவி முழுக்கக் கேட்டாள்.
‘பதினாறாயிரத்துக்கு
இது ரொம்ப நல்லாவே இருக்கே’ என்றாள்.

ஆமாம் என்றேன்.
சதக் சட்டென்று
சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான்.