சேவலின் கழுத்து

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான்
குடிக்க வேண்டும் என்று சீட்டில் இருக்கிறது.
குடிக்கவே கூடாது என்பார்கள், சண்டை போடலாம் என்று
பதிலெல்லாம் பேருந்திலேயே தயார் செய்துகொண்டு
கெமி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.
நர்ஸ் ஹில்க்கா இடமே தரவில்லை.
"குடிங்க தைஸ்தோ. ஆனா முதல்ல இது."

முட்டை வேகும் நேரம் பார்க்கிற மணி, சேவல் வடிவம்.
அவுனே எடுத்துப் போகாத இரண்டு பொருள்களில் ஒன்று.
மற்றது நான்.
அதன் கழுத்தை அறுபது வரைக்கும் திருகி வைக்கிறேன்.

இந்த ஒரு மணி நேரம் இத்தனை நாள்
எங்கே இருந்ததென்று தெரியவில்லை.
தாகத்துக்கும் டம்ளருக்கும் நடுவில்
ஒரு நிமிடத்தைக்கூட நான் நிற்க விட்டதில்லை.
இப்போது அறுபது பேர் வரிசையாக வந்து
சமையலறையில் உட்கார்ந்துகொள்கிறார்கள்,
பனி ஒட்டிய காலணியைக்கூடக் கழற்றாமல்.

முதல் நாள் மணி அடித்ததும் பாய்ந்து திறந்தேன்.
பீர் பீர் மாதிரி இருந்தது.
பார்லி, குளிர், கொஞ்சம் கசப்பு.
முப்பது வருடம் பழகிய வீட்டுக் கதவைத் தட்ட
வேறு யாரோ திறந்து
"யார் வேணும்?" என்று கேட்பது போல.
பாதியில் வைத்துவிட்டேன்.
துக்கமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சவுனாவில் வெய்க்கோ கல்மேல் தண்ணீர் ஊற்றினான்.
முதுகில் ஏறும் அந்தச் சிலிர்ப்பும்
சற்றுத் தள்ளியே நின்றது.
மாத்திரையா, வயதா?
ஹில்க்காவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றாள்.
அன்றிலிருந்து அவளை நம்புகிறேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை,
உறைந்த கடலில் துளை போட்டு மீனுக்குக் காத்திருந்தோம்.
மாத்திரை வேறு சட்டையில் இருந்தது.
மாற்றி வைத்தவன் நான்தான்.
வெய்க்கோவின் குப்பியிலிருந்து முதல் வாய்
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது,
கடன் கொடுத்தவனுக்கே உரிய அன்போடு.
செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினேன்.
ஒரு கையுறை இல்லை.

ஹில்க்கா திட்டவில்லை.
"முதல் வாய் எத்தனை மணிக்கு?" என்றாள்.
எழுதிக்கொண்டாள்.
மீன் ஏதாவது கிடைத்ததா என்றும் கேட்டாள்.

இன்று மேசையின் ஆடும் காலுக்குப் பசை வைத்தேன்.
அவுனே இருந்தபோதே ஆடியது.
தரையில் மண்டியிட்டு
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.
பசை டப்பாவிலும் ஒரு சீட்டு:
இருபது நிமிடம் அசைக்காதீர்.
தலைக்கு மேலே சேவல் அடிக்கிறது,
அடித்து ஓய்கிறது.
புட்டி ஜன்னலோரம், எட்டாத தூரத்தில்.

குடிப்பேன்.
இதை விட்டதும் குடிப்பேன்.
இப்போது கையை எடுத்தால் கால் கோணிக்கொள்ளும்.