ஐந்தில் மூன்று

சத்துவாச்சாரியில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று,
ஆரணி, அரக்கோணம், குடியாத்தம்.
ஐந்து ஊரில் ஐந்து பெட்டிகள்.
திறந்து பார்ப்பவருக்கு ஒரே அலமாரி.

பீடி சுற்றும் ஒருத்தியின் நுரையீரல்
உள்ளே போகும்போதே துண்டாகும்.
மேல்மடலின் ஓரம் ஆரணிக்கு,
அதே ஓரம் அரக்கோணத்துக்கும்,
இன்னொரு நகல் என் காலடியில் உறுமும் பெட்டிக்கு.
ஒன்று எரிந்தாலும் இரண்டு மிஞ்சும் என்பது கணக்கு.
டாக்டர் கேட்கும்போது
தையல் தெரியாமல்,
மூச்சை இழுத்துப் பிடித்தபடி முழுசாக வரும்.

இவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.
மூன்று விநாடிக்கு ஒருமுறை
ஒவ்வொரு பெட்டியும் 'இருக்கேன்' என்று சொல்லும்.
சொல்கிறதா என்று பார்ப்பது.

கத்திரியின் ஒன்பதாம் நாள்.
கோட்டை மதில் ராத்திரியிலும் கொதிக்கும் ஊரில்
இந்த அறைக்குள் நான் மட்டும் ஸ்வெட்டரோடு.
பதினொன்று இருபதுக்கு
குடியாத்தம் சொல்லவில்லை.
பத்து எண்ணும்வரை பொறுத்தோம்.

பள்ளிகொண்டா அருகே சாலை அகலப்படுத்தும் ஜேசிபி
மண்ணோடு கேபிளையும் அள்ளியிருந்தது.
அது அப்போது தெரியாது.
வழி அறுந்ததா, ஆளே போயாச்சா,
இந்தப் பக்கமிருந்து பார்த்தால்
இரண்டும் ஒரே மௌனம்.

மற்ற நாலும் கூடிப் பேசின.
ஐந்தில் மூன்று போதும், நாலு இருந்தன.
குடியாத்தத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தன.
அதனிடம் இருந்த துண்டுகளுக்கு
வேறு இடத்தில் நகல் எடுக்கத் தொடங்கின.
துக்கம் எதுவும் இல்லை. பச்சை விளக்குகள் மினுங்கின.

அது சாகவில்லை.
அங்கே கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றியது.
ஸ்கேன் எடுக்கும் குணபூஷணி போனில் கத்தினாள்:
"மேடம், லுங்கித் தறிக்காரர் ஒருத்தர், தலையில அடி.
படம் எடுத்தாச்சு, சேவ் ஆக மாட்டேங்குது.
மெஷின் நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு.
ஆனால் அதுவும் எண்ணிப் பார்த்திருக்கிறது:
ஐந்தில் நான் ஒருவன்.
அந்த நாலும் போய்விட்டனவா,
நான்தான் போய்விட்டேனா?
தெரியாதபோது எழுதக் கூடாது.
தனியாக நிற்பவன் தன்னை நம்பக் கூடாதென்று
இரும்புக்குச் சொல்லிவைத்தவனுக்கு
எத்தனை அண்ணன் தம்பிகளோ.

படத்தைப் பென் டிரைவில் போட்டு
ஆம்புலன்ஸ் டிரைவர் சட்டைப்பையில் அனுப்பச் சொன்னேன்.
அன்றைக்கு அதுதான் நெட்வொர்க்.

எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்.
கடைசித் தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகையில்
அப்பாண்டைராஜ் அண்ணன் பெயர் வேண்டாமென்று
மூன்று பேர் சொன்னோம்.
இரண்டு வருஷமாகப் போனை எடுப்பதில்லை, வருவதில்லை.
நான் மூன்றாவது ஆள்.

நாலு நாற்பதுக்கு தஸ்தகீர் கூப்பிட்டார்.
பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தார்,
போன் தோளில் இடுங்கியிருக்க வேண்டும், குரல் சாய்ந்து வந்தது.
முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து,
முனைக்கு முனை நேர்வைத்து
ஒரு பொறி.
"இருபத்தி நாலு இழைம்மா, உங்களுது பதினேழாவது.
இப்பப் பாருங்க."

இருக்கேன்.

எங்கே போனாய் என்று எதுவும் கேட்கவில்லை.
அது தன் கடைசி எண்ணைச் சொன்னது,
இவற்றின் எண் பெரிதென்று தெரிந்துகொண்டது,
நடுவில் நடந்ததை வரிசையாக வாங்கிக்கொண்டது.
பதினொரு நிமிஷம். பட்டியலில் பெயர் ஏறியது.
தறிக்காரரின் மண்டையோடு துண்டுதுண்டாகப்
பாலாற்றைத் தாண்டி வந்து சேர்ந்தது.

பத்திரிகை அச்சாகி நாலு நாள்.
ஆரணி, செய்யாறு, வாலாஜா, எங்கும் போய்விட்டன
மூலையில் மஞ்சள் தடவிய நானூற்றைம்பது பிரதிகள்.
ஒன்றுக்கொன்று முரணே இல்லை.
எல்லாவற்றிலும் அதே இடத்தில் அவர் இல்லை.

தஸ்தகீர் இன்னும் லைனில் இருந்தார்,
சாமானை மூட்டை கட்டும் சத்தம்.
"பாய், இப்பக் குடியாத்தம் பக்கமா போவீங்களா?" என்றேன்.

"நெல்லூர்பேட்டை தாண்டித்தான் போகணும்.
ஏம்மா, அங்கயும் லைன் போச்சா?"