தாவாரத் தண்ணீர்

பண்ருட்டி ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில் என் மேசை.
நூற்றுக்கு ஒன்று அளவில் வீடுகள் வரைகிறேன்.
நான் இருப்பது வாடகைக்கு;
என் கூரை இன்னொருவர் தரை.

கொளஞ்சி வந்த அன்று
உரச்சாக்கை வெட்டித் தைத்த உறைக்குள்
பட்டா, வீட்டுவரி ரசீது, கரண்ட் அட்டை.
முந்தானையில் முடிந்து
உடைந்த ஷீட்டில் ஒரு சில்லு.
“இதையும் சேக்கணுமா சார்?”
வேண்டாம். ஆறாவது கலத்தில்
‘தற்போதைய கூரை: கல்நார்த் தகடு’
என்று எழுதினால் போதும்.

எப்படி உடைந்தது என்று படிவம் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.

பலாப்பழம்.
பதினெட்டுக் கிலோ. ராத்திரி ரெண்டு மணி.
மரம் பக்கத்து மனை தனகோட்டியுடையது,
கிளை மட்டும் வேலி தாண்டி
இவள் மேலே குடியேறியது,
எந்த அனுமதியும் வாங்காமல்.
தொங்கும்வரை பழம் அவனுக்கு,
விழுந்தால் பாதி இவளுக்கு
என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள்.
உடையும் ஷீட்டில் பாதி அவனுக்கு என்று
யாரும் பேசவில்லை.

ஷீட்டை மாற்றினால் அது பழுதுபார்ப்பு.
கான்கிரீட் போட்டால் கட்டுமானம்.
முதலாவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்,
அடுத்ததற்கு என்னில் தொடங்கி
எல்லாரையும் கேட்க வேண்டும்.
“ரெண்டும் மழைக்குத்தானே” என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
“பழத்துக்கும்.”

டேப்போடு போனேன், காடாம்புலியூர் தாண்டி.
செம்மண். முந்திரி வறுக்கிற புகை
ஷீட்டின் அடிவயிற்றில் கறுத்துக் கிடந்தது.
சுவருக்கும் வேலிக்கும் மூன்றடி எட்டங்குலம்.
விதி நாலடி கேட்கிறது.
குறைகிற நாலங்குலம்
என் தாளில் ஒரு மில்லிமீட்டர்.
பென்சில் முனை சற்று மழுங்கினால்
தானே வந்துவிடும்; வந்திருக்கிறது,
வேறு சிலருக்கு.
ஆனால் ஓவர்சியர் சபாநாயகம்
தாளில் டேப் வைக்கிற ஆளில்லை.
மண்ணில் வைப்பார்.

சுவரை உள்ளே தள்ளி வரைந்தேன்.
“கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கறேன்” என்றாள்.
அவள் புருஷன் கலியமூர்த்தி
ஒரகடத்தில் சென்ட்ரிங் வேலை.
யார் யாருக்கோ தளம் போட்டவன்
போனில் எனக்குச் சொன்னான்:
“எட்டு எம்எம் கம்பி போதும் சார்.”
பத்து என்றேன்.
அந்தப் பக்கம் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம்.
“சரி, பத்து.”

இடிக்கப் போவதைப் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும்.
அவள் இருக்கிற வீடு முழுக்கப் புள்ளியாக நின்றது.
சாரம் பிரிக்கும்வரை எங்கே படுப்பாள் என்பதற்குக்
கலம் இல்லை.

கையெழுத்து வாங்குமுன் நிபந்தனைகளைப் படித்தேன்.
ஐந்தாவது:
கூரையின் தாவாரத் தண்ணீர்
அடுத்தவர் மனையில் விழக் கூடாது.
நிறுத்தச் சொன்னாள்.
“எந்தண்ணி அங்க விழக் கூடாது.”
ஆமாம்.
“அவம் பழம் இங்க விழலாம்?”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன், அவளுக்காக இல்லை,
எனக்கே தெரிய வேண்டியிருந்தது.
தண்ணீர் இருக்கிறது. புகை இருக்கிறது.
மாட்டுக்கொட்டகை எத்தனை அடி தள்ளி
என்பதுகூட இருக்கிறது.
பழம் இல்லை.

தளத்தின் சரிவை அவள் பக்கமே திருப்பி,
மூலையில் ஒரு குழாய்,
குழாயடியில் மழைநீர்க் குழி.
நாற்பத்தொன்றாம் நாள் அனுமதி வந்தது.

ஆனியில் நிறைவுச் சான்றுக்குப் படம் எடுத்து
ஏற்றினேன். திருப்பி அனுப்பினார்கள்:
‘தளத்தின் மேற்பரப்பு தெளிவாக இல்லை.’
பெரிதாக்கிப் பார்த்தேன்.
நடுத்தளத்தில் வெடித்த பழம்,
விரிசல் ஒன்றும் காணோம் கான்கிரீட்டில்.
சுளைகளை யாரோ பாதி எடுத்திருந்தார்கள்.
சாறு மட்டும்
நான் போட்ட சரிவில், அடிக்கு இம்மி பிசகாமல்,
அவள் மூலைக்கே வழிந்து
குழாய் வாயில் ஈ மொய்த்தது.